மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வந்தவன்

2006ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், போருக்குத் தப்பி, இலங்கையின் திருகோணமலையிலிருந்து மன்னார் வழியாகப் பேசாலைக் கடற்கரைக்குச் சென்று, அங்கிருந்து இரவோடு இரவாகப் படகேறி, விடியுமுன் தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனை மணலில் எங்கள் குடும்பம் இறக்கிவிடப்பட்டபோது எனக்கு வயது பத்து. ஆகஸ்டில் எழுதவிருந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான கொப்பிகள் எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. அப்பா நெஞ்சோடு அணைத்து வந்த சொப்பிங் பையில் அடையாள அட்டைகளும் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் மட்டுமே இருந்தன.

மண்டபம் அகதிகள் முகாமில் பதிவும் விசாரணையும் முடிந்தன. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அவர்கள் போன வழியில் நாங்கள் எதிர்த்திசையில் வந்திருந்தோம். பிறகு உள்மாவட்டம் ஒன்றிலுள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டோம்.

அருகிலிருந்த பள்ளியில் முதலில் கேட்டது டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ். அப்படியென்றால் என்னவென்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அதை விடுகைப் பத்திரம் என்போம்; அதைக் கேட்டு வாங்கும் நிலையில் எவரும் ஊரைவிட்டு வருவதில்லை. முகாம் பதிவையும் பிறப்புப் பத்திரத்தையும் பார்த்த தலைமை ஆசிரியர், இரண்டு கணக்குப் போடச் சொல்லி, ஒரு பத்தி எழுதச் சொல்லி, ஐந்தாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார். சாதி என்ன என்று கேட்டபோது அப்பா பேசாமல் நின்றார். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மொழி ஒன்றுதானே, பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரே மொழியில்தான் வந்தது. முதல் நாள் வருகைப்பதிவில் என் பெயர் வந்ததும் "ஓம்" என்றேன். வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக் கைகூப்பி "ஓம்" என்று இழுத்தது. "கதைக்க வேண்டாம்" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னால், என்ன கதை என்று கேட்டான். எழுத்திலும் தொல்லை தொடர்ந்தது. எங்கள் பள்ளியில் "ரீச்சர்" என்று எழுதி "டீச்சர்" என்று வாசிப்போம், "ரிக்கெற்" என்று எழுதி "டிக்கெட்" என்போம். அதை எழுத்துப்படியே உரக்க வாசித்துக் காட்டிய தமிழாசிரியர், தமிழே தெரியாதா என்று கேட்டுச் சிவப்பு மையால் சுழித்தார். அவர் கெட்டவரல்லர், கடலுக்கு அப்பால் வேறோர் எழுத்து வழக்கு இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, சொல்லும் துணிவு எனக்கும் இல்லை. ஆங்கிலத்தில் பிழை விட்டால் அடுத்த முறை திருத்திக்கொள்வேன். தாய்மொழியில் பிழை என்றபோது அம்மாவே பிழையாகச் சொல்லித்தந்தாளோ என்று தோன்றியது.

ஆகவே சில மாதங்களில் எனக்கு இரண்டு வாய்கள் முளைத்தன. பள்ளியில் ஆமா, நோட்டு, சீக்கிரம், நாற்காலி; முகாமுக்குள் நுழைந்ததும் ஓம், கொப்பி, கெதியா, கதிரை. தங்கைக்கு வீட்டிலும் பள்ளித் தமிழே வந்தது. அம்மா ஒருநாள் அவளை அதற்காக அடித்ததும், பிறகு தானே அழுததும் நினைவிருக்கிறது.

முகாமில் கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தார் அனைவரும் நேரில் நிற்கவேண்டும் என்பதால் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவேண்டியிருந்தது. வெளியே இரவு தங்குவதற்கு அனுமதி வேண்டும். பள்ளிச் சுற்றுலாக்களை அதனாலேயே தவிர்த்தேன்.

பத்தாம் வகுப்பில்தான், வேடிக்கையாக, மற்றவர்களோடு சமமானேன். 2011இல், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், ஆகஸ்டில் தீர்ப்பு வரும்வரை மாநிலம் முழுவதும் பாடப்புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. புத்தகமில்லாமல் படிப்பது எப்படி என்று நண்பர்கள் புலம்பியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கலையில் எனக்கு ஐந்தாண்டு அனுபவம் இருந்தது.

2012இல் தேர்ச்சி பெற்று வேறு பள்ளிக்குப் போகவேண்டி வந்தபோது, கேட்காமலே டி.சி. தந்தார்கள். நாட்டினம் என்ற இடத்தில் 'இலங்கை' என்று எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நகல் எத்தனை எடுக்கலாம் என்று கேட்டார்.