ஒரே பெட்டிக்குள் இரண்டு நோய்

எங்கள் வீட்டுக் கணினியில் மவுஸ் அம்பு மட்டும் நகரும், மற்றதெல்லாம் நின்றுவிடும். எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. தட்டுகிற எழுத்து திரைக்கு வராது. மூலையில் இருக்கும் கடிகாரம் 10:42-லேயே நிற்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, அதுவரை தட்டிய அத்தனைக்கும் சேர்த்துவைத்துக் கடகடவென்று பதில் வரும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒரு நாள் இரண்டு தடவை வரும், மறுநாள் இருபது தடவை வரும், அதற்கடுத்த நாள் எட்டிக்கூடப் பார்க்காது. இந்தக் கண்ணாமூச்சியைப் பிடிப்பதற்குள் எனக்கு மூன்று வாரமும், ஒரு ஃபார்மட்டும், தேவைப்படாத ஒரு ரேமும் செலவாயின. காரணம் தெரிந்த அன்று சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஏனென்றால் பாதி வினை நானே தேடிக்கொண்டது.

கதை இந்த ஹேங்கில் தொடங்கவில்லை, ஸ்லோவில் தொடங்கியது. வீடு மாறி வந்ததிலிருந்தே கணினி மந்தமாகத்தான் இருந்தது. நாலு டேப் திறந்தால் திணறும், வீடியோ கால் ஓடும்போது வேறு எதையும் தொட முடியாது. "8 ஜிபி ரேம் இந்தக் காலத்துக்குப் போதாது" என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பி, இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பெட்டியைத் திறந்து நானே மாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது: வாங்குவதற்கு முன், விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மந்தமாகிற நேரத்தில் ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 60 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. ரேம் மாட்டிய பிறகும் மந்தம் அப்படியே இருந்தது. கூடவே, அதுவரை இல்லாத ஹேங்கும் புதிதாக வந்து சேர்ந்தது.

சந்தேகம் எங்கே போகும்? புது ரேம் மேல்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். நான்கு சுற்று, ஒரு பிழைகூட இல்லை. அப்படியும் மனம் கேட்காமல் புது ரேமைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஹேங் போகவில்லை. மறுபடி மாட்டினேன். இந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "புதிதாக என்ன மாட்டினேன்" என்பதல்ல. "பெட்டியைத் திறந்தபோது என் கை எதன்மேலெல்லாம் பட்டது" என்பதுதான். அது எனக்குத் தோன்ற இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

அடுத்த சில நாள்கள் எல்லோரும் செய்கிற சடங்குகளில் போயின. ஸ்டார்ட்அப் நிரல்களை அணைப்பது, விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன், டிஐஎஸ்எம், நிரல்களை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்துவது, டிரைவர்களைப் புதுப்பிப்பது. இவற்றில் தப்பு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் எதுவும் உதவவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் செய்திருக்கக் கூடாது. விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைச் சுத்தம் செய்வதாகவும் இலவசம் என்றும் சொன்ன ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரை இறக்கினேன். ஆயிரத்துச் சொச்சம் கோளாறுகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் பயமுறுத்திவிட்டு, சரிசெய்யப் பணம் கேட்டது. நீக்கினாலும் போகாமல், மூலையில் விளம்பரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன்மேல் வந்த கோபம்தான், "சரி, மொத்தமாக ஃபார்மட் போட்டுவிடலாம்" என்ற முடிவுக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன்.

விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஃபைல் காப்பியாகிற கட்டத்தில் சதவீத எண் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் கழித்து மேலே போனது, மறுபடி நின்றது. பென்டிரைவ் மட்டம் என்று நினைத்து வேறொன்றில் போட்டேன். அதிலும் அதே கதை. பழைய விண்டோஸ் அழிந்து, புதிது இன்னும் வந்து சேராத நேரத்திலும் ஹேங் ஆகிறது என்றால் கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை என்று அர்த்தம். கண்ணெதிரே கிடந்த இந்தத் துப்பை நான் கவனிக்கவே இல்லை. படங்களையும் ஆவணங்களையும் பேக்கப் எடுத்திருந்தேன். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை எடுக்க மறந்துவிட்டேன். அவற்றை ஒவ்வொன்றாக மீட்டது தனி வேதனை. அதைவிடப் பெரிய நஷ்டம் அப்போது தெரியவில்லை: என்ன கோளாறு, எத்தனை மணிக்கு என்று விண்டோஸ் தானாகவே எழுதிவைத்திருந்த பதிவேடும் ஃபார்மட்டோடு போய்விட்டது.

அப்புறம்தான் பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்தார். "சார், ரெண்டு நாளா ஓடுது, ஒரு தடவைகூட நிக்கல. உங்க வீட்டு கரன்ட்ல ஏதாவது இருக்கும்" என்றார். பார்த்த கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி நிறுத்தி, ஆன் செய்த பத்தாவது நிமிடம் நின்றது. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். அவளுடைய ஆன்லைன் வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினாள். டீச்சரிடம் காட்டுவதற்கு என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. அவரிடம் ஓடியது, இங்கே ஏன் ஓடவில்லை? அங்கே போனபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டியை மேசையில் படுக்கப்போட்டு ஓடவிட்டிருந்தார். நானும் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஹேங் இல்லை! அதுமட்டுமல்ல, மந்தமும் கணிசமாகக் குறைந்தது. தகட்டை மூடினேன், இரண்டும் திரும்பி வந்தன. ஆக எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். பாதி சரி. அந்தப் பாதி என்னை இன்னும் நான்கு நாள் ஏமாற்றியது.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச நிரலைப் போட்டு வெப்பநிலையைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி. கொஞ்சம் வேலை கொடுத்தால் நேராக 100-க்கு ஏறி அங்கேயே நின்றது. 100 டிகிரிதான் என் பிராசசரின் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலேயே இது தெரியும்: அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது, பயன்பாடு 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் ஓடுகிற வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ். மாடு வண்டியை இழுக்கத்தான் செய்கிறது, காலில் கட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கணினி மந்தமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் இந்த வேக எண்ணைத்தான் இப்போது பார்க்கச் சொல்கிறேன். வேலை அதிகமாக இருக்கும்போது அது அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கினால், எத்தனை ரேம் போட்டாலும் வீண்.

பிராசசர் மேல் இருக்கும் ஃபேனை மதர்போர்டோடு பிடித்துவைக்க நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். அதில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. வீடு மாறியபோது வண்டியில் குலுங்கியதில் கழன்றிருக்க வேண்டும். ஒரு மூலை தூக்கினால் ஃபேனுக்குக் கீழே இருக்கும் உலோகக் கட்டி பிராசசர்மேல் சரியாகப் படியாது, பிராசசரின் சூடு கட்டிக்குப் போய்ச் சேராது. தூசியைத் துடைத்து, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு கொக்கியும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும், வரிசையாகப் போனால் கட்டி ஒருபக்கம் சாய்ந்துவிடும். இதற்கெல்லாம் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிடுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். தகட்டை மூடி ஓட்டினேன். முழு வேலையிலும் 68 டிகிரி. பல மாத மந்தம் ஒரு மணி நேரத்தில் போனது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹேங் ஆனது.

"அப்பா, எழுதிக்கவா?" என்றாள் மகள்.

ஸ்லோவும் ஹேங்கும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் உடைந்தது. அதன்பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தபடியே வைத்துக் காத்திருந்தேன். அடுத்த ஹேங் விட்டதும் டிஸ்க் பக்கத்தைப் பார்த்தேன். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதம், ஆனால் படித்ததும் எழுதியதும் பூஜ்யம். டிஸ்க் மும்முரமாக இருக்கிறதாம், ஆனால் ஒன்றும் செய்யவில்லையாம். மவுஸ் அம்பு நகர்வதற்கு டிஸ்க் தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் நகர்ந்தது. அம்பும் சேர்ந்து உறைந்து, சத்தம் 'கர்ர்' என்று ஒரே இடத்தில் சுற்றியிருந்தால் நான் தேட வேண்டிய இடம் வேறாக இருந்திருக்கும்.

விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போனேன். அங்கே எப்போதும் மஞ்சளும் சிவப்புமாக நிறைய இருக்கும், அதைப் பார்த்துப் பதறக் கூடாது. பெரும்பாலானவை ஒன்றுக்கும் ஆகாதவை. 41 என்ற எண்ணில் சிவப்பாகக் கிடந்தவை, பொறுமையிழந்து நான் ரீசெட் பட்டனை அழுத்தியதன் அடையாளம், அவ்வளவுதான். மகளின் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து நேரத்தை ஒப்பிட்டேன். அவள் எழுதியிருந்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக ஒரு 129 இருந்தது. டிஸ்க்குக்கு ரீசெட் அனுப்பியதாகச் சொல்லும் எச்சரிக்கை அது. இடையிடையே 153, அதாவது கேட்டது கிடைக்காததால் மறுபடி கேட்டது என்று பொருள். விண்டோஸ் டிஸ்க்கிடம் ஏதோ கேட்கிறது, பதில் வரவில்லை, பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பையே ஒரு உலுக்கு உலுக்குகிறது. அந்தப் பொறுமைக் காலம்தான் எங்கள் வீட்டு ஹேங். முதல் நாளே இதைத் திறந்திருந்தால் ஃபார்மட் தேவைப்பட்டிருக்காது.

என் கணினியின் டிஸ்க்கான எஸ்எஸ்டி செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, முதல் வேலையாக பேக்கப் எடுத்தேன். இந்தத் தடவை பாஸ்வேர்டுகளோடு. சந்தேகம் வந்த டிஸ்க்கில் பேக்கப் எடுப்பதற்கு முன், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை 'ஆர்' போட்டு ஓட்டாதீர்கள். அது மூலைமுடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும், சாகக் கிடக்கிற டிஸ்க்கை அதுவே முடித்துவைக்கக் கூடும். அடுத்து, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. மேலே நீலத்தில் 'நலம்' என்றது. அந்த ஒற்றை வார்த்தையை நம்பி மூடிவிடாமல் கீழே இருக்கும் பட்டியலைப் படித்ததுதான் இந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். 05 என்ற வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு, பூஜ்யம். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் சி5, சி6 வரிகளையும் பார்க்க வேண்டும், அவை ஏறினால் டிஸ்க்கை மாற்றத் தயாராக வேண்டியதுதான். என்னுடையதில் ஏறியிருந்தது சி7 வரி மட்டும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போய்வரும் தகவல் வழியில் சிதைந்த தடவைகளின் கணக்கு அது. அதில் 1ஏ4 என்று இருந்தது. அந்த நிரல் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும், நமக்குப் புரிகிற கணக்கில் 420. இவ்வளவு நாள் என்னை ஏமாற்றியதற்குப் பொருத்தமான எண்தான்.

சி7 என்றால் முதல் சந்தேகம் கேபிள். ஃபார்மட் போட்டாலும் இந்தக் கணக்கு அழியாது, டிஸ்க்கே தனக்குள் வைத்திருக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேம் மாட்டக் கைக்கு இடம் வேண்டி, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், உள்ளே செருகிக் கிடந்த சாட்டா கேபிளை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டது நான்தான். அன்றிலிருந்து பக்கத் தகட்டை மூடும்போதெல்லாம் அது கேபிளின் தலையை அழுத்தியிருக்கிறது. கேபிள் மடங்கி, இணைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தகட்டைத் திறந்தால் அழுத்தம் போகும், ஹேங்கும் போகும். அதே நேரத்தில் காற்றும் வரும், சூடும் குறையும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்துபோலத் தெரிந்தது இப்படித்தான்.

தலை செங்குத்தாக மடங்கியிருக்கும், உலோகக் கிளிப் உள்ள புதுக் கேபிள் வாங்கினேன். மொத்தச் செலவிலேயே மலிவான பொருள் அதுதான். மதர்போர்டில் வேறு சாக்கெட்டுக்கும் மாற்றிக்கொண்டேன், அதன்மேலும் சந்தேகம் மிச்சமிருக்கக் கூடாது என்று. மாட்டிய பிறகு சி7 கணக்கு குறையவில்லையே என்று யாரும் பயப்பட வேண்டாம். அது குறையாது, இனிமேல் ஏறாமல் இருந்தால் போதும்.

ஐந்து வாரம் ஆகிறது. ஈவென்ட் வியூவரில் புதிதாக ஒரு 129 இல்லை. 16 ஜிபி ரேமில் பாதிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது. நேற்றும் திறந்து பார்த்தேன், 1ஏ4-தான்.