தேரிக்காட்டுக் கோபுரங்கள்: மெஞ்ஞானபுரம், இடையன்குடி, மணப்பாடு

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போன பயணத்தை, பஸ், செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மெஞ்ஞானபுரத்தைச் சொல்லாமல் வேறு எதற்கும் போக மனசு வரவில்லை. தேரி என்கிற செம்மணல் மேடு, பனைமரம், உடைமரம் என்றே பஸ் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பனைகளுக்கு மேலே ஓர் ஊசிக் கோபுரம் தெரியும். உயரம் 192 அடி! பெருநகரத்தில் நிற்க வேண்டிய கட்டடம், பனையேறிகளின் ஊரில் நிற்கிறது. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் (இந்தப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்பார்கள்) எழுப்பிய தூய பவுல் ஆலயம் இது. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து, 1870இல் இறந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் அந்தக் கூர்வளைவுகளுக்குக் கீழே நின்றால், வெளியே அடித்த வெயில் மறந்துபோகிறது. மகாபலிபுரத்துக்குப் போகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்காவது இங்கே வர வேண்டும்.

அடுத்து இடையன்குடி. திசையன்விளையில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தோம். போக, வர 300 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். திரும்பியதும், “அக்கா, வெயிட்டிங் இருக்குல்லா?” என்று 550 கேட்டார். “அண்ணே, போக வரன்னுதானே பேசினோம்?” என்றால் பதிலில்லை. கடைசியில் 450 கொடுத்தோம். வெளியூர் முகம் தெரிந்தால் விலையை ஏற்றுவது அநியாயம். அன்றைய செலவில் பாதி அதற்கே போனது. அப்புறம் ஆட்டோ பக்கமே போகவில்லை, டவுன் பஸ்தான். பெண்களுக்குக் கட்டணமில்லாத அந்த பஸ்ஸால்தான் பட்ஜெட் தப்பித்தது.

ஆனாலும் இடையன்குடி அந்த 450க்கும் மேல் தகும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841இல் வந்து சேர்ந்த ஊர் இது. அதுவும் சென்னையிலிருந்து நடந்தே கிளம்பி வந்தவர். தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆகி, 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். தமிழ் படித்தவர்கள் பேரைச் சொல்வதோடு நிறுத்தாமல் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும். நாங்கள் போனபோது எங்களைத் தவிர யாருமில்லை. எனக்கு அது கோபமாகவே இருந்தது.

வழியில் முதலூர். 1799இல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு. அங்கே மஸ்கோத் அல்வா வாங்காமல் வராதீர்கள். நெய் கிடையாது, தேங்காய்ப்பாலில் கிண்டுவது. வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது, திகட்டவே இல்லை. கால் கிலோ வாங்கி பஸ் ஸ்டாப்பிலேயே தீர்த்துவிட்டு, மறுபடி போய் அரைக் கிலோ வாங்கினோம். திருநெல்வேலி அல்வாவைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. காலையிலேயே போய்விடுங்கள், மதியம் மணல் கால் வைக்க முடியாமல் சுடும். செப்டம்பர் 14 திருவிழா சமயத்தில் பயங்கரக் கூட்டம் இருக்கும். திருச்செந்தூரில் ரூம் போட்டுக்கொண்டு அங்கிருந்து பஸ்ஸில் போய்வருவதுதான் சிக்கனம்.