சம்பளமில்லாத வேலையில் இரண்டு வருடம்

வேலை என்று சொன்னால் எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். 2017-லிருந்து 2019 வரை பிலிப்பைன்ஸில் மிஷனரியாக இருந்தேன் என்று சொன்னதும் பலர் மனதுக்குள் டாலரில் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும். அமெரிக்கச் சபை, கொட்டிக் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு. கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கட்ட வேண்டும். அமெரிக்கப் பையன்கள் அப்போது மாதம் 400 டாலர் கட்டினார்கள், 2020-ல் அது 500 ஆனது. என்னைப் போன்றவர்கள் வீட்டு நிலைமைக்குத் தக்கபடி முடிந்ததைக் கட்டுவோம், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும். எந்த ஊர் என்பதும் நம் கையில் இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சபைத் தலைமையிடமிருந்து அழைப்பு வரும், அதில் என்ன ஊர் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். சென்னையில் வளர்ந்த எனக்குத் தகாலோக் பேசும் ஊர் வந்தது.

எங்களை மார்மன்கள் என்று சொன்னால்தான் வெளியே தெரியும். நான் அங்கே இருந்தபோதுதான், 2018-ல், அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் அந்தப் பெயர் வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுசாகச் சொல்லுங்கள் என்றார். சரி என்றோம். வெயிலில் நின்று, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த முழுப் பெயரைத் தகாலோக்கில் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும்.

மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டியில், 1984-ல் திறந்த எங்கள் சபைக் கோயிலுக்கு எதிரிலேயே பயிற்சி மையம். ஆறு வாரம் மொழி, பாடம், மறுபடி மொழி. அப்புறம் சான் பாப்லோ பக்கம் அனுப்பினார்கள். ஏழு ஏரிகளும் எங்கு திரும்பினாலும் தென்னையும் இருக்கும் லகூனா மாகாணத்து ஊர். காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். நடுவில் படிப்பு, நடை, வீடுகள், நடை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சந்தைக்குப் போக, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத. போனில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். அதுவரை அன்னையர் தினம் என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாத அம்மா, மே இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விதியை மாற்றினார்கள். முதல் மூன்று வாரம் அம்மா விடாமல் பேசினார்கள், நாலாவது வாரம் "வேற என்னப்பா, சாப்பிட்டியா" என்பதோடு முடிந்துவிட்டது.

இந்த வேலையில் மிகக் கஷ்டமானது பிரசங்கம் என்று நினைப்பார்கள். இல்லை, கம்பேனியன். எப்போதும் இரண்டு பேர், பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில், குளியலறை தவிர எங்கும் சேர்ந்தே. யாரோடு என்பதை அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் முடிவு செய்வார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறலாம், மாறாமலும் போகலாம். எனக்கு முதலில் வாய்த்தவர் தெற்கே மிண்டனாவோ தீவுக்காரர், விடிந்ததும் கருவாடு வறுப்பவர். அடுத்தவர் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த பத்தொன்பது வயசுப் பையன், அவனுக்கு அந்தக் கருவாட்டு வாசனை பெட்ஷீட்டில் இன்னும் இருக்கிறது என்று என் மேல் கோபம். வாரத் திட்டம் போட்டு முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மேல் ஒருவருக்கு என்ன மனக்குறை என்று சொல்லியாக வேண்டும், அதுவும் ஜெபத்தில் தொடங்கி. மிஷனரிப் பையன்களை 'எல்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "எல்டர், நீங்க பேசும்போது என்னைப் பேச விடறதே இல்லை" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடம் அவரோடே ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் தொடை இடிக்க உட்கார்ந்து போவது தனிப் பயிற்சி. இப்போது நான் இருக்கிற அலுவலகத்தில் மனக்குறைகளுக்கு வாட்ஸாப்பில் தனி குரூப் இருக்கிறது, நேரே சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

என் நிறம் வேறு ஒரு சிக்கல். பிலிப்பைன்ஸில் இந்தியர் என்றால் 'பும்பாய்'. பெரும்பாலும் பஞ்சாபிகள், மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து வட்டிக்குக் கொடுப்பவர்கள். 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர், ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். சேட்டை பண்ணும் பிள்ளைகளைப் பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயமுறுத்துகிற வழக்கமும் உண்டு. அங்கே காலிங் பெல்லை விட கேட்டுக்கு வெளியே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுப்பதுதான் அதிகம். நான் குரல் கொடுப்பேன், ஜன்னல் திரை லேசாக விலகும், என் முகம் தெரியும், உள்ளே ஒரு பரபரப்பு, பிறகு ஒரு குழந்தை வெளியே வந்து அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லும். அம்மாவே சொல்லிக் கொடுக்கிற குரல் பின்னாலிருந்து கேட்கும். யூட்டாக்காரனை முன்னால் நிறுத்தினால் "ஹே ஜோ!" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார்கள். கடன் வசூலிக்க வரவில்லை என்று தெரிந்தபின் நிம்மதியில் எனக்கும் நாற்காலி போட்ட வீடுகள் நிறைய. உண்மையில் என் பாடங்களில் பாதிக்கு வழி விட்டது அந்த நிம்மதிதான்.

பாடங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்திலிருந்து தொடங்கும், 1830-ல் வெளிவந்த மார்மன் புத்தகம், மரணத்துக்குப் பின் என்ன, ஞானஸ்நானம், கட்டளைகள். கத்தோலிக்கர் பெரும்பான்மையான நாடு, கடவுளைப் பற்றி யாரும் எதிர்வாதம் செய்வதில்லை, பொறுமையாகக் கேட்டு ரொட்டியும் கொடுப்பார்கள். ஆனால் இந்த வேலையில் சொல்லிக் கொடுப்பது பாதிதான். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒன்றைக் கேட்க வேண்டும்: படிப்பீர்களா, ஜெபிப்பீர்களா, விடுவீர்களா. கையில் புகையும் பராக்கோ காப்பியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் சபைக் கட்டளைப்படி காப்பியை விடச் சொல்ல வேண்டும். அவர் காப்பியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர். டிரைசைக்கிள் ஓட்டி அன்றன்றைக்கு அரிசி வாங்குகிறவரிடம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் என்று சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு அப்படி இல்லை, "சரி, பார்ப்போம்" என்பார்கள். சிலர் உண்மையாகவே கொடுத்தார்கள்.

கல்யாண விஷயம்தான் யாராலும் தீர்க்க முடியாதது. சேர்ந்து வாழ்கிறவர்கள் சட்டப்படி மணந்துகொண்டால்தான் ஞானஸ்நானம். கல்யாணம் செய்யப் பணமில்லை என்பவர்களுக்கு வழி உண்டு, நகராட்சிகளில் மேயரே முன்நின்று ஒரே நாளில் பல ஜோடிகளுக்கு இலவசமாகச் செய்து வைப்பார், ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு லைசென்ஸ்கூட வேண்டாம் என்று 1987 குடும்பச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருந்தால்? வாட்டிகனை விட்டால் விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு உலகத்தில் பிலிப்பைன்ஸ் ஒன்றுதான். முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு, மற்றவர்கள் அந்தக் கல்யாணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வக்கீல், மனநல நிபுணர் அறிக்கை, எல்லாம் சேர்த்து லட்சம் பெசோவைத் தாண்டும்.

நாங்கள் பாடம் சொன்ன ஒரு அம்மா அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் போல நானும் 'நானாய்', அதாவது அம்மா, என்றே கூப்பிடுவேன். முதல் கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம். இவர் இங்கே ஒரு தேங்காய் வியாபாரியோடு பிள்ளைகளும் குட்டிகளுமாக நல்லபடியாக வாழ்கிறார். நான்கு வருடம் ஆளைப் பற்றித் தகவலே இல்லை, இறந்துவிட்டார் என்று நம்பக் காரணமும் இருக்கிறது என்றால் மறுமணத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று யூட்டாக்காரன் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தான். நானாய் சிரித்துவிட்டு போனை எடுத்துக் காட்டினார். முதல் கணவர் முந்தின நாள்தான் பேஸ்புக்கில் பிறந்தநாள் கேக் வெட்டியிருந்தார்.

பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. காப்பியை விட்டார், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டார், தசமபாகம்கூடக் கொடுக்கப் பார்த்தார். ஞானஸ்நானம் மட்டும் கிடையாது. இதற்கு என் கையேட்டில் என்ன பதில் என்று தேடினால், பிரிந்து வாழலாம் என்ற ஒன்றுதான் மிச்சம். அந்தத் தேங்காய் வியாபாரி எனக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? யூட்டாக்காரன் ஒருமுறை ஆரம்பித்தான், நான் முழங்காலில் தட்டினேன், நிறுத்திக்கொண்டான். அந்த வாரம் மனக்குறை சொல்லும் நேரத்தில் இருவருமே அதை எடுக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் எண்கள் கொடுக்க வேண்டும்: புதிதாக எத்தனை பேருக்குப் பாடம், ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தவர்கள் எத்தனை பேர். எண் இல்லாமல் இத்தனை ஆயிரம் பையன்களை வைத்து வேலை நடத்த முடியாது என்பது எனக்குப் புரிகிறது, இப்போது நானும் ஒரு டீமை எக்செல் ஷீட்டில்தான் பார்க்கிறேன். ஆனாலும் நானாய் வீட்டுக்குப் போன மாலைகளுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. முடிவு தெரிந்த ஒரு வீட்டுக்கு, விற்க எதுவும் மிச்சமில்லாமல், சும்மா போய் உட்கார்ந்து பையனின் கணக்குப் பாடத்தைப் பார்த்துவிட்டு வருவது. இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மிஷன் தலைவரிடம் சொன்னால் அவரும் ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ, நான் சொன்னதில்லை.

2024 மே மாதம் பிலிப்பைன்ஸ் கீழவையில் விவாகரத்து மசோதா நிறைவேறிய செய்தியைப் பார்த்ததும் நானாய்க்கு அனுப்பினேன், அரைகுறைத் தகாலோக்கில் வாழ்த்தும் சேர்த்து. செனட்டில் அது கடைசி வரை தேறவில்லை. ஆனால் அவர் அன்றைக்கே பதில் போட்டிருந்தார்: "எல்டர், சட்டம் வரட்டும். வக்கீல் பீஸுக்கு யாரிடம் கேட்பது, பும்பாயிடமா?"