நாகர்கோவிலில் மூன்று நாள்

கன்னியாகுமரிக்குப் பலமுறை போயிருக்கிறோம். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகர்கோவிலில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. இந்த ஆனி மாதம் அப்பா தன் நெடுநாள் ஆசையைச் சொன்னார்: ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைச் சுமக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்க வேண்டும். பொதுப்பணித்துறையில் மதகும் வாய்க்காலுமாக முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். முக்கடலை இந்த முறை விட்டுவிடுவது என்று முடிவுசெய்து, அதிகாலை மூன்று மணிக்கு மதுரையிலிருந்து கிளம்பினோம்.

காவல்கிணறில் நான்குவழிச் சாலையை விட்டு விலகியதும் முப்பந்தல் காற்றாலைகள் தொடங்கிவிடுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுகிறது. இங்கே வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டுங்கள். கணவாயைத் தாண்டினால் வறண்ட பொட்டல் போய், வயலும் வாழையும் தாமரைக் குளங்களுமாக வேறொரு நாடு விரிகிறது.

தோவாளைப் பூச்சந்தையில் விடிந்ததிலிருந்தே பரபரப்பு. பிச்சியும் அரளியும் கேரளத்துக்குப் போக மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. பக்கத்துத் தெருத் திண்ணையில் ஒரு பெரியவர் மாணிக்க மாலை கட்டிக்கொண்டிருந்தார். அரளிப்பூவை ஒவ்வொன்றாக எடுத்து, இதழைக் கசங்காமல் மடித்து நாரில் சேர்க்கிறார். இடையிடையே நொச்சி இலையின் பச்சை. பாய் முடைந்தது போலத் தட்டையாக, சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக வளர்கிறது மாலை. அரைமணி நேரம் நின்றோம். சாண் நீளம்கூட முடியவில்லை. “உட்காருங்க மக்கா, நின்னா கால் வலிக்கும்” என்றார், கையை நிறுத்தாமலே.

நகருக்குள் காரை விடுதியிலேயே போட்டுவிடுவது நல்லது. மணிமேடையைச் சுற்றியும் வடசேரியிலும் சாலைகள் குறுகலானவை. நடந்தால்தான் ஊர் பிடிபடும். நாகராஜா கோயில் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். அதே கோயிலின் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். எவரும் அவர்களை அகற்றவில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது. மாலையில் மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வீதி வீதியாகச் சுற்றினோம். விரல் அளவுதான் இருக்கிறது, ஆனால் அந்த மணம் வேறு எந்த வாழைப்பழத்திலும் இல்லை.

மறுநாள் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, கவனம். 1956இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது பாதத்துக்குக் கீழே கருந்தரை குளிர்கிறது. சன்னல் வழியாக வரும் வெளிச்சம் அதில் தண்ணீர் போல நிற்கிறது. கூட்டத்தோடு வேகமாக நகராமல், மரச் சன்னல் ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே காற்று எப்படி வருகிறது என்பது புரியும்.

மூன்றாம் நாள் திருவட்டாறு வழியாக மாத்தூர். இருபுறமும் ரப்பர் தோட்டங்கள், ஓயாத வளைவுகள், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். காமராசரின் முயற்சியில் உருவாகி, 1966இல் கட்டப்பட்ட பாலம் இது. கீழே பறளியாறு ஓட, 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் தொட்டி வழியாக ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குத் தண்ணீர் போகிறது. மோட்டார் எதுவும் இல்லை, சரிவு மட்டும்தான்.

அப்பா பாலத்தின் தொடக்கத்தில் தொட்டிச்சுவர் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்றுநேரம் நின்றார். பிறகு ஒரு ரப்பர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். மேலே இடைவெளி விட்டுப் பதித்த பலகைகளுக்கு நடுவே இலை தெரிவதும் மறைவதுமாக நகர, அவரும் அதே வேகத்தில் கூடவே நடந்தார். “எவ்வளவு நிதானமாகப் போகிறது பார்! சரிவைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் கரையை அரித்திருக்கும்” என்றார். அறுபது ஆண்டுக்கு முன் மட்டம் பார்த்தவர்களை, பெயர் தெரியாமலே, வழியெல்லாம் பாராட்டிக்கொண்டு வந்தார்.

மறுமுனையில் இலை வாய்க்காலுக்குள் போய் மறையும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

“இங்கிருந்து பேச்சிப்பாறை அணை எவ்வளவு தூரம்?”

மாலைக்கு முட்டம் கடற்கரை என்று வைத்திருந்தோம். காரை மலைப்பக்கம் திருப்பினேன்.