வழித்துணைநாதர் கோயிலில் கடை ஞாயிறு

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகும் சாலையில் செதுவாலையில் இறங்கினால் விரிஞ்சிபுரம் பக்கம்தான். கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. நானும் நாத்தனாரும் தொற்றி ஏறியதும், உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எங்கள் பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் ஏறியவள் கைக்குழந்தையையே நீட்டிவிட்டாள். பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு மார்க்கபந்தீஸ்வரர், அதாவது வழித்துணைநாதர் என்று பெயர். வழிப்பறிக்குப் பயந்து வேண்டிக்கொண்ட மிளகு வணிகர் ஒருவருக்குச் சிவனே காவலாகக் கூடப் போனார் என்கிறது தலபுராணம். பிரயாணம் கிளம்புமுன் பலர் சொல்லும் மார்க்கபந்து ஸ்தோத்திரம், ஆரணி பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் பாடியது. அருணகிரிநாதரும் இந்த ஊர் முருகன்மேல் திருப்புகழ் பாடியிருக்கிறார். 'திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மதில் இதுதான்.

நாங்கள் போனது சிம்ம தீர்த்தத்துக்காக. சிங்கம் வாயைப் பிளந்தாற்போல் அதற்கு வாசல். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் நடுராத்திரி அதில் முழுகி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்துக்கொள்வார்கள். கனவில் பூவோ பழமோ வந்தால் நல்லது என்று நம்பிக்கை.

படியெல்லாம் வழுக்கல். முன்னால் இறங்கினவள் பின்னால் வருபவளுக்குக் கை கொடுத்தாள், அவள் அடுத்தவளுக்கு. முழுகி எழுந்த நாத்தனாருக்குப் பல் கிட்டியது. கார்த்திகைக் குளிர், சொல்லவா வேண்டும்! குடியாத்தத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் தன் பையிலிருந்து துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார். காது மடலுக்குப் பின்னால்கூட விடவில்லை. "தலையில தண்ணி நின்னா ஜன்னி வரும்மே. நீ போய்ப் படு, பையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்தால் அவரைச் சுற்றி ஏற்கெனவே பைகள், செருப்புகள், ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு. எதுவுமே அவருடையது இல்லை.

எனக்கு மனசில் நின்றது இன்னொன்று. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் நாத்தனாரைப் பார்த்ததுமே, "ஏதாவது விசேஷமா? எத்தனை வருஷமாச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொந்தக்காரர்களுக்கு அதில் என்னதான் ருசியோ! இங்கே அத்தனை பெண்களும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கேட்கவேண்டுமே! பக்கத்தில் படுத்திருந்த பெண் கேட்டதெல்லாம், "அக்கா, கால் நீட்ட இடம் போதுமா?"

விடிந்ததும் தரிசனம். மரகதாம்பிகை சந்நிதியில் கூட்டம் நெரித்தது. தென்புறப் பிராகாரத்தில் நேரம் காட்டும் பிறைக்கல் இருக்கிறது. பெரியவர் ஒருவர் அதில் குச்சியை வைத்து, நிழல் விழுந்த எண்ணைக் காட்டி முன்பின் தெரியாத எங்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினார். உடனே ஆளாளுக்கு செல்போனை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

அப்புறம் வெளியே டீக்கடையில் அந்தப் பாட்டியைப் பார்த்தோம். பைகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார். யாருக்காக வந்தீர்கள் என்று நாத்தனார் கேட்டாள்.

"என் பொண்ணுக்குத்தான். ரெண்டு தபா வந்தா, அப்புறம் வரமாட்டேன்னுட்டா. அவளச் சொல்லி இன்னா பண்றது? நான் மட்டும் வந்து பை பாக்கறேன்."

நாத்தனார் கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னாள். ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றார் பாட்டி.