ஜாம் ஆன அம்பாசிடர் இன்ஜினைப் பிரிக்கும்போது

ஏற்காட்டு ஷெட்டில் பல வருஷம் நின்ற அம்பாசிடருக்கும், மலையேறும்போது தண்ணீர் கொதித்து நின்றுபோன அம்பாசிடருக்கும் அறிகுறி ஒன்றுதான்: கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) சுற்றாது. உள்ளே நடந்தது வேறு. முதல் வண்டியில், திறந்து நின்ற வால்வு வழியாக மூடுபனியின் ஈரம் இறங்கி பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) துருவில் ஒட்டியிருக்கும்; பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டர்தான். மற்றதில், 20 கொண்டை ஊசி வளைவையும் கீழ் கியரிலேயே ஏறிய சூட்டில், பிஸ்டனின் அலுமினியம் இழுபட்டு போரில் அப்பியிருக்கும். துரு ஊறினால் விடும். அலுமினியம் எந்த எண்ணெய்க்கும் மசியாது. அதனால் ஸ்பேனரை எடுக்குமுன் வண்டி எப்படி நின்றது என்று கேட்டுவிட வேண்டும்.

ஜாம் ஆனது இன்ஜின்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி டைனமோ, வாட்டர் பம்ப் இரண்டையும் கையால் சுற்றுங்கள். செல்ஃப் மோட்டாரின் பினியன் (சிறு பல்சக்கரம்) பிளைவீல் பல்லில் சிக்கினாலும் இதே கதைதான். மோட்டாரின் பின்முனையில் மூடிக்குள் இருக்கும் சதுரத் தண்டை ஸ்பேனரால் திருகினால் பினியன் விடுபடும்.

துருவென்றால், நான்கு பிளக்கையும் கழற்றி, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றி ஒரு வாரம் ஊற விடுங்கள். இரண்டும் பிரிந்து நிற்கும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்; பக்கத்தில் நெருப்பே கூடாது. பிறகு முன்பக்க கிராங்க் நட்டில் நீளமான கம்பி மாட்டி, இறுக்கும் திசையில் மெல்ல அழுத்துங்கள். இரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலும் திரும்ப விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். கியரில் போட்டு வண்டியைக் கட்டி இழுப்பது நம்மூரில் சர்வசாதாரணம். ரிங் உடைந்து போரைக் கீறுவதும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவதும் அதில்தான்.

சுற்றிவிட்டதே என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். துருப்பொடி உப்புத்தாள் போல போரை அறுத்துவிடும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

1489 சிசி இன்ஜினில், வால்வை அழுத்தும் ராக்கர்களின் தாங்கிகளில் உள்ள நான்கு பெரிய நட்டுகளும் ஹெட்டைப் பிடிப்பவைதான். அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணும். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டையும் சுற்றிச் சுற்றிக் கால் திருகாகத் தளர்த்துங்கள். எல்லாம் அங்குல அளவு. 9/16 நட்டில் 15 மில்லி ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளை ஒரு திருகு திருகி உருவி, எட்டு ஓட்டை போட்ட அட்டையில் வரிசையாகச் செருகுங்கள். ஹெட் ஒட்டியிருந்தால் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டலாம். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வேண்டாம்.

இன்னும் அசையாத பிஸ்டனைத் தட்ட, கடைசல்காரரிடம் 70 மில்லி விட்டத்தில் வேலமர உருளை வாங்கிக்கொள்ளுங்கள். போர் 73 மில்லி. உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனை எத்தனை அடித்தாலும் கிராங்க் திரும்பாது, அடி முழுக்க பேரிங்குக்குத்தான். நடுவழியில் நிற்பதைத்தான் தட்ட வேண்டும்.

பிஸ்டனை மேல்வழியாக எடுக்குமுன் போரின் மேல் விளிம்பை நகத்தால் தடவுங்கள். ரிங் தேய்க்காத இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். அதை மழிக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் காடி பிளக்கும். பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) தொப்பிகள் சாய்வாகப் பிளந்தவை; எந்த ராடு, எந்தப் பக்கம் என்று எண் குத்திவிட்டுக் கழற்றுங்கள்.

துருக் குழி நகத்தில் தட்டினால் ஹோனிங் (கல்லால் லேசாகத் தேய்ப்பது) போதாது, ரீபோர்தான் (போரைப் பெரிதாகக் கடைவது). ஓவர் சைஸ் பிஸ்டன் அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்று போகும். அதற்கும் மேல் போனால் ஸ்லீவ் (புது உட்குழாய்) போட வேண்டும். பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகே பிளாக்கை சேலம் லேத் பட்டறைக்கு இறக்குங்கள். போரை அந்த பிஸ்டனை அளந்துதான் வெட்ட வேண்டும், பெட்டியில் அச்சடித்த அளவைப் பார்த்து அல்ல.