4-ல் தொடங்கும் குட்ஸ்டைன் தொடர்: நோட்டில் முடிந்தது, லீனில் முரண்டு பிடிக்கிறது

4-லிருந்து கிளம்பும் குட்ஸ்டைன் தொடர் எந்த அடிமானத்தில் பூஜ்ஜியத்தைத் தொடும் என்பதைக் கணினி இல்லாமல் நோட்டிலேயே போட்டு முடித்தாயிற்று: 3 × 2^402653211 − 1. விடை தேடினால் கிடைக்கும். அந்த 402653211 எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுபவர்கள்தான் குறைவு. அதனால் அது முதலில், லீன் (நிறுவலை வரி வரியாகச் சரிபார்க்கும் கணினி மொழி) புலம்பல் பிறகு. தொடரின் விதி: எண்ணை 2-ன் அடுக்குகளாக எழுது, அடுக்கில் இருக்கும் எண்ணையும் அப்படியே. எல்லா 2-ஐயும் 3 ஆக்கி 1 கழி, பிறகு 3-ஐ 4 ஆக்கி 1 கழி, இப்படியே.

4 என்பது 2^2, அது 3^3 ஆகும். அடிமானம் 3-ல் அந்த 27-லிருந்து 1 போக 26, அதாவது 2 × 9 + 2 × 3 + 2, சுருக்கமாக (2, 2, 2). இனி இந்த மூன்று கெழுக்கள் போதும். 41, 60, 83 என்று மதிப்பை எழுதிக்கொண்டே போனால் வடிவம் கண்ணில் படவே படாது. அடிமானம் 5-ல் (2, 2, 0). ஒன்றாம் இடம் காலி, அடுத்த அடியில் கடன் வாங்கியாக வேண்டும். அடிமானம் 6-ல் (2, 1, 5). அந்த 5 ஒவ்வொன்றாகக் கரைந்து அடிமானம் 11-ல் (2, 1, 0). திரும்பக் கடன்: அடிமானம் 12-ல் (2, 0, 11), அது கரைய அடிமானம் 23.

5, 11, 23. இவற்றோடு 1 கூட்டினால் 6, 12, 24. நடு இடத்தில் ஒன்று குறைய ஆகும் செலவு ஒரு இரட்டிப்பு, அவ்வளவுதான். மொத்தக் கணக்கும் இந்த ஒரு விதியில் அடக்கம்.

சறுக்கும் இடம் அடிமானம் 24. (2, 0, 0)-ல் நடுவிலும் ஒன்றுமில்லை, முதல் இடத்தில்தான் கை வைக்க வேண்டும்: (1, 23, 23). இங்கே 23 இரட்டிப்பு என்று எழுதிவிட்டால் போச்சு. கடைசியில் இருக்கும் 23 கரையவே ஒரு இரட்டிப்பு வேண்டும், நடுவிலுள்ள 23-க்கு இன்னொரு 23. ஆக 24. 24 × 2^24 = 40,26,53,184. அதற்கு ஒன்று குறைந்த அடிமானத்தில் (1, 0, 0). அடுத்த அடியில் முதல் இடமும் போய்விடும். நடுவில் 40,26,53,183, கடைசியிலும் அதே. மறுபடி அதே கணக்கு, 40,26,53,184 இரட்டிப்பு. 24 என்பது 3 × 2^3 என்பதால் 40,26,53,184 என்பது 3 × 2^27. 27-ஐ அடுக்கில் கூட்டினால் 402653211. வேறு மர்மம் இல்லை.

நிரல் எழுதிச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் தொடர் அடிமானம் 23-லேயே பூஜ்ஜியமாகி நின்றால், அடுக்கில் இருக்கும் எண்ணை நீங்கள் மாற்றவில்லை என்று அர்த்தம். 2^2 என்பது 3^2 ஆகியிருக்கும், 3^3 ஆகியிருக்காது. அது பலவீனமான குட்ஸ்டைன். அது எல்லா எண்ணுக்கும் நிற்கும் என்பதைப் பியானோ எண்கணிதமே (இயலெண்களுக்கான வழக்கமான அடிகோள் தொகுதி) நிறுவிவிடும், நமக்கு அதில் வேலை இல்லை.

விடை இரும எண்ணில் 48 எம்பிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தசமத்தில் 12,12,10,695 இலக்கம். பைத்தானில் நேராக அச்சடிக்கப் போனால் 4,300 இலக்க வரம்பு தடுக்கும். வரம்பைத் தளர்த்தினால் தசமத்துக்கு மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போகும். பெரிய எண்களுக்கான ஜிஎம்பி நூலகம் வழியாகப் போங்கள். தொடக்கம் 6895, முடிவு 43 என்று வந்தால் சரி. 43 மட்டும் கையாலேயே வரும்: 2-ன் அடுக்குகளை 25-ஆல் வகுத்தால் மீதி 20 அடிக்கு ஒருமுறை சுழலும், 402653211-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 11, அப்புறம் இரண்டு வரி.

பக்கத்துக்கு 5,000 இலக்கம் என்று இருபுறமும் அடித்தால் 25 ரீம் தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மீன்பாடி வண்டி பிடித்தால் வீடு வந்து சேரும், வைக்கத்தான் இடமில்லை. நோட்டு வாங்குவதும் அங்கேதான். சிறு கட்டம் போட்ட நீள நோட்டு கேளுங்கள், மூன்று கெழுவும் நெடுக்காக நேர்க்கோட்டில் நிற்கும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நுழைவுத் தேர்வு வழிகாட்டிதான் மலையாய்க் குவிந்திருக்கிறது, தர்க்கவியல் கண்ணில் படுவதில்லை. உரை கேட்கலாம் என்றால் கணித நிறுவனங்கள் இருக்கும் தரமணி, சிறுசேரி. தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் காலி.

இப்போது லீன். நிறுவலின் வழி, அடிமானத்தின் இடத்தில் ஒமேகாவை, அதாவது முதல் முடிவிலி வரிசையெண்ணை (ஆர்டினல்) வைப்பது. 4-க்கு மட்டும் என்றால் முதல் அடிக்குப் பிறகு எல்லாம் ஒமேகா கனத்துக்குக் கீழேயே நடக்கிறது. மேலே போட்ட இரட்டிப்புக் கணக்கே நிறுவல். "4 நிற்கும் என்பதைக்கூடப் பியானோவால் நிறுவ முடியாது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. 4, 5, 16 என்று தனித்தனியாக எந்த எண்ணைக் கொடுத்தாலும் பியானோ நிறுவும். நிற்கிற கணக்கை ஓட்டிக் காட்டுவதே நிறுவல்தானே, எவ்வளவு நீளமானாலும். "எல்லா எண்ணுக்கும்" என்ற ஒற்றை வாக்கியம்தான் அதற்கு எட்டாது. 1982-ல் கணிதவியலாளர்கள் கிர்பியும் பாரிஸும் காட்டியது இதைத்தான்.

அந்த ஒற்றை வாக்கியத்தை லீனில் கொண்டுவர, எண்ணை ஆர்டினலாக மாற்ற வேண்டும். லீனின் கணித நூலகமான மேத்லிப்பில் இருக்கும், ஆர்டினலை எழுத்துருவில் வைக்கும் ஓநோட் வகையை எடுத்துக்கொண்டேன். எப்சிலான் பூஜ்ஜியத்துக்கு (ஒமேகாவின் அடுக்கில் ஒமேகா என்று அடுக்கிக்கொண்டே போனால் வரும் எல்லை) கீழே உள்ளவை மட்டும் அதில் அடங்கும், கணக்கிட்டும் பார்க்கலாம். எண்ணைத் தலையடுக்கு, கெழு, மீதி என்று உடைத்து மறுசுழற்சி. அடுக்கும் மீதியும் எண்ணைவிடச் சிறியவை என்று காட்டினால் வரையறையை லீன் ஏற்கிறது. இதுவரை சுலபம்.

முரண்டு பிடிப்பது இரண்டு துணைத்தேற்றங்கள். ஒன்று, கிடைக்கும் ஆர்டினல் இயல்வடிவத்தில், அதாவது அடுக்குகள் இறங்குவரிசையில், இருக்கிறது. இன்னொன்று, எண் பெரிதானால் ஆர்டினலும் பெரிதாகும். இயல்வடிவத்துக்கு, மீதியின் தலையடுக்கு ஆர்டினலிலும் சிறியதாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டாவது தேற்றம் வேண்டும். இரண்டாவதற்கோ இயல்வடிவம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். தனித்தனியாக எழுதினால் ஒன்று மற்றதன் வாசலில் போய் நிற்கும். ஒரே வாக்கியமாக "மற்றும்" போட்டுக் கட்டி, வலுவான தொகுத்தறிதலில் சேர்த்தே ஏற்ற வேண்டும். தலையடுக்கு பெரிது, அடுக்கு ஒன்று கெழு பெரிது என்ற இரண்டு நிலைகளும் முடிந்தன. மூன்றாவது, மீதியை ஒப்பிடுவது, இன்னும் 'சாரி' (நிறுவாமல் விட்ட இடத்துக்கு லீனில் போடும் சொல்) போட்டபடி நிற்கிறது. கெழுவை நேர்முழு எண்ணாகக் கேட்கும் ஓநோட்டுக்கும் வகுத்தலில் வரும் சாதா இயலெண்ணுக்கும் இடையே மாற்றி மாற்றியே வரிகள் தீர்கின்றன.

இந்தப் பாடுக்குப் பலன் ஒன்று உண்டு: பியானோவைத் தாண்டும் இடம் எது என்று விரல் வைத்துக் காட்டலாம். உடைப்பது, ஒப்பிடுவது, அடிமானம் மாறினாலும் ஆர்டினல் மாறாது என்பது எல்லாமே சாதா எண்கணிதம். எப்சிலான் பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள ஆர்டினல்களில் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போக முடியாது என்ற ஒரு வரிதான் கூடுதல். 1936-ல் தர்க்கவியலாளர் கென்ட்சன் பியானோவின் முரணின்மைக்குக் கேட்ட அதே வரி. மேத்லிப் அதைப் பொது ஆர்டினல்கள் வழியாக நிறுவுவதால், அடிகோள் பட்டியல் கேட்டால் தேர்வு அடிகோளும் (எத்தனை கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுக்கலாம் என்பது) வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண்களைப் பற்றிய வாக்கியத்துக்கு அது தேவையே இல்லை. தர்க்கவியலாளர் கோடெல் 1938-ல் அறிவித்த கட்டமைப்பிலிருந்தே அது தெரியும்.

மூன்றாவது நிலை முடியுமுன் 5-ல் தொடங்கும் தொடரைத் தொட்டாயிற்று. அடிமானம் 4-ல் 255, அதாவது (3, 3, 3, 3). நான்கு கெழு, நோட்டைக் குறுக்கே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நடுவில் இரண்டு இடம் இருப்பதால் இரட்டிப்பையே எண்ணிக்கொண்டிருக்க முடியாது, இரட்டிப்புகளின் கூட்டத்துக்குத் தனி விதி வேண்டும். யாராவது அந்த விதியைச் சுருக்கமாக எழுதி வைத்திருந்தால் சொல்லுங்கள்.